எர்த் குழியில் ஆரம்பி, பாப்பா

திருமங்கலம்
செப்டம்பர் 20

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது.   

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்று, எதிர்வீட்டு டி.வி.யைக் கழற்றி எடுத்த பவர் போர்டு. மற்றது, அதைப் பார்த்துப் பயந்துபோய் நீ வாங்கி வந்திருக்கும் ஆறு சாக்கெட் பாக்ஸ். "இது போதுமா சித்தப்பா?" என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறாய். போதாது என்று நானும் ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். ஏன் போதாது என்று தெரியாவிட்டால், கடைக்காரர் அடுத்து எடுத்து நீட்டும் பெட்டியையும் வாங்கிவிடுவாய். ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. அதற்குள் செய்து முடிக்கக்கூடிய வேலைதான் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். மருமகனையும் படிக்கச் சொல்.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் டி.வி.யில் ஆரம்பிக்கிறார்கள். டி.வி.க்கு ஒரு பாக்ஸ், ஃபிரிட்ஜுக்கு ஒரு ஸ்டெபிலைசர், ஏ.சி.க்கு இன்னொன்று என்று காசு போகிறது. மெயின் போர்டை யாரும் திறந்து பார்ப்பதில்லை. எர்த் குழி வீட்டின் எந்த மூலையில் இருக்கிறது என்றே பாதிப் பேருக்குத் தெரியாது. வேலை அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும். முதலில் எர்த், அடுத்து மெயின் போர்டு, கடைசியாகத்தான் டி.வி. பக்கத்தில் வைக்கும் பாக்ஸ். இந்த வரிசை மாறினால் பாக்ஸுக்குக் கொடுத்த காசு வீண்.

இப்போது எதிர்வீட்டு போர்டுக்கு வருகிறேன். ரிப்பேர் கடையில் உட்கார்ந்தவனுக்கு எரிந்த போர்டைப் பார்த்தாலே அது எப்படிச் செத்தது என்று ஓரளவு தெரிந்துவிடும். அந்தப் படத்தில் கரண்ட் நுழையும் இடத்தில் நீல நிறத்தில் வட்டமாக ஒரு சில்லு இருக்கிறது பார், அது கருகி இரண்டாகப் பிளந்திருக்கிறது. அதைத் தாண்டி நிற்கும் பெரிய கப்பாசிட்டரின் தலை வீங்கி வெடித்திருக்கிறது. ஃபியூஸ் கண்ணாடி உள்ளே கறுத்துவிட்டது. இது இடி செய்த வேலை மாதிரித் தெரியவில்லை. நெடுநேரம் அதிக வோல்டேஜ் ஏறி நின்றதன் அடையாளம். டி.வி. எரிந்த அன்று காலையில் தென்னை மட்டை லைன் மேல் விழுந்தது, எதிர்வீட்டில் பல்பு எல்லாம் கண்ணைக் கூசும்படி எரிந்து ஃபேன் தலைதெறிக்கச் சுற்றியது, உன் வீட்டில் மட்டும் லைட் மங்கிப்போனது என்று நீயே எழுதியிருக்கிறாய். நியூட்ரல் அறுந்திருக்கிறது. வேறு எதுவும் இப்படி ஒரு வீட்டை மங்க வைத்து எதிர்வீட்டைப் பளிச்சென்று எரிய வைக்காது.

அது எப்படி என்று சொல்கிறேன். தெருக் கம்பத்தில் மூன்று பேஸ், ஒரு நியூட்ரல் வருகிறது. ஒவ்வொரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட். இரண்டு பேஸுக்கு நடுவில் பார்த்தால் 400 வோல்ட். உனக்கு ஒரு பேஸ், எதிர்வீட்டுக்கு வேறு பேஸ் கொடுத்திருப்பார்கள். நியூட்ரல் இரண்டு பேருக்கும் பொது. அந்தப் பொதுக் கம்பி டிரான்ஸ்பார்மர் பக்கம் அறுந்துபோனால், உங்கள் இரண்டு வீடும் ஒன்றன்பின் ஒன்றாக அந்த 400 வோல்டுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். அப்போது 400-ஐ இரண்டு வீடும் பங்கு போட்டுக்கொள்கிறது. சமமாகப் பிரியாது. அதிகம் கரண்ட் இழுக்கிற வீட்டுக்குக் குறைந்த வோல்டேஜ், குறைவாக இழுக்கிற வீட்டுக்கு அதிக வோல்டேஜ்.

உன் வீட்டில் அந்த நேரம் வாட்டர் ஹீட்டர் ஓடியிருக்கும். 2000 வாட் என்று வை. எதிர்வீட்டில் டி.வி., இரண்டு லைட், ஒரு ஃபேன், மொத்தம் 200 வாட் என்று வை. கணக்குப் போட்டால் உன் வீட்டுக்கு 36 வோல்ட், அவர்கள் வீட்டுக்கு 364 வோல்ட். தெருவில் மற்ற வீடுகளும் இருப்பதால் உண்மையில் இந்த எண் அங்கே இங்கே மாறும். போக்கு இதுதான். (எதிர்வீட்டில் போய் இந்தக் கணக்கைச் சொல்லிவைக்காதே. உன் ஹீட்டர் மேல் தப்பில்லை, அறுந்த கம்பி மேல்தான் தப்பு.)

டி.வி.க்குள் வரும் ஏ.சி. கரண்ட் டி.சி.யாக மாறி அந்தக் கப்பாசிட்டரில் போய் நிற்கும். 230 வோல்ட் வந்தால் அங்கே சுமார் 325 நிற்கும். கப்பாசிட்டர் மேல் 400 அல்லது 450 வோல்ட் தாங்கும் என்று அச்சடித்திருப்பார்கள். 364 வோல்ட் வந்தால் அங்கே 510-ஐத் தாண்டிவிடும். வெடிக்காமல் என்ன செய்யும்?

அடுத்தது அந்த நீலச் சில்லு. அதற்கு எம்.ஓ.வி. என்று பெயர். துத்தநாக ஆக்ஸைடைச் சுட்டு எடுத்த சில்லு. 1960-களின் கடைசியில் ஜப்பானில் மட்சுஷிட்டா கம்பெனியில் மிச்சியோ மட்சுவோகா என்பவரின் ஆராய்ச்சியில் உருவானது. இன்று நீ பார்க்கும் முக்கால்வாசி 'ஸ்பைக் கார்டு', 'சர்ஜ் புரொடெக்டர்' எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது அதுதான். உங்கள் ஊர்க் குளத்து மறுகாலை நினைத்துக்கொள். தண்ணீர் சாதாரண மட்டத்தில் இருக்கும்வரை மறுகால் சும்மா கிடக்கும். மட்டம் தாண்டினால் அந்த வழியாக வெளியேறி கரையைக் காப்பாற்றும். எம்.ஓ.வி.யும் 230 வோல்டில் சும்மா இருக்கும். வோல்டேஜ் எகிறினால் திறந்து, மிஞ்சியதைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். இரண்டு விஷயம் கவனி. ஒன்று, மறுகால் பாய்ந்த தண்ணீர் போக ஓடை வேண்டும். இங்கே அந்த ஓடைதான் எர்த். இரண்டு, இந்தச் சில்லு நொடியில் லட்சத்தில் சில பங்கு நேரம் மட்டுமே வந்து போகும் வெள்ளத்துக்காகச் செய்யப்பட்டது. அரை மணி நேரம் 364 வோல்ட் ஏறி நின்றால், அது திறந்தபடியே நின்று சூடாகி எரிந்துபோகும். எதிர்வீட்டில் நடந்தது அதுதான். மட்டமான பாக்ஸாக இருந்தால் பிளாஸ்டிக்கும் சேர்ந்து பற்றிக்கொள்ளும். அதனால் எந்த ஸ்பைக் கார்டையும் திரைச்சீலைக்குப் பின்னாலோ மெத்தைக்குக் கீழேயோ வைக்காதே.

நீ வாங்கிய பாக்ஸில் அந்தச் சில்லாவது இருக்கிறதா என்றால், படத்தில் தெரியும் லேபிளைப் பார்த்தால் இருப்பதாகத் தெரியவில்லை. '6 ஆம்பியர், 240 வோல்ட்' என்று மட்டும் போட்டிருக்கிறது. சர்ஜ் தாங்கும் பாக்ஸ் என்றால் எத்தனை ஜூல் தாங்கும், எத்தனை வோல்டில் பிடித்து நிறுத்தும் என்று எழுதியிருப்பார்கள். சிவப்பு லைட்டும் ஒரு ரீசெட் பட்டனும் இருப்பதால் அது பாதுகாப்புப் பெட்டி ஆகிவிடாது. அந்தப் பட்டன் நீ அளவுக்கு மேல் லோடு போட்டால் டிரிப் ஆகும், அவ்வளவுதான். தூக்கிப் போடாதே. போன் சார்ஜருக்கும் பிள்ளைகளின் மேஜை விளக்குக்கும் வைத்துக்கொள். அயர்ன்பாக்ஸ், ஃபிரிட்ஜ், மைக்ரோவேவ் எதையும் அதில் சொருகாதே.

இனி இடி. அது கொல்லும் விதமே வேறு. வீட்டின் மேல் நேரே விழ வேண்டியதில்லை. கொஞ்ச தூரத்தில் லைன் மேலோ, லைனுக்குப் பக்கத்தில் மரத்தின் மேலோ விழுந்தாலும் கம்பி வழியாக ஆயிரக்கணக்கான வோல்ட் ஒரு கண நேரம் ஓடி வரும். ஃபேன் வேகமாகச் சுற்றாது, பல்பு பிரகாசமாகாது. டப்பென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். இன்னொன்று, கரண்ட் லைனில் வராமல் வேறு கம்பியில் வருவது. பவர் போர்டு நன்றாக இருக்கும், டி.வி. ஆன் ஆகும். கேபிள் மாட்டும் இடமோ எச்.டி.எம்.ஐ. வாயோ செத்திருக்கும். தெருத் தெருவாக மரத்தில் கட்டி இழுத்து வரும் கேபிள் டி.வி. ஒயரும், மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து இறங்கும் ஒயரும் இடிக்கு நல்ல வழி. காம்பவுண்டைச் சுற்றி ஓடும் சி.சி.டி.வி. ஒயரும் அப்படித்தான். உன் இன்டர்நெட் ஃபைபர் என்றாய், நல்லது. ஃபைபரில் வெளிச்சம்தான் ஓடுகிறது, அந்த இழை கரண்டைக் கடத்தாது. ஆனால் மோடத்தின் அடாப்டர் கரண்டில்தானே சொருகியிருக்கிறது?

மூன்றாவது சாவு சத்தமே இல்லாமல் நடப்பது. லோ வோல்டேஜ், கரண்ட் போய்ப் போய் வருவது. ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய் உடனே வந்தால், கம்ப்ரஸருக்குள் கேஸ் அழுத்தம் இறங்கியிருக்காது. அந்த அழுத்தத்தை எதிர்த்து மோட்டார் சுற்ற முடியாமல் முனகும், கரண்டை அள்ளி இழுக்கும், காயில் சூடாகும். ஒரு நாளில் சாகாது. கோடை முழுக்க இப்படி நடந்தால் ஆயுசு குறையும். முன்பெல்லாம் கம்ப்ரஸர் காயில்தான் எரிந்து வரும். இப்போது வரும் இன்வெர்ட்டர் ஏ.சி., ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாவற்றிலும் போர்டு போய் வருகிறது. அந்த ஒரு போர்டின் விலைக்காகத்தான் இத்தனை பேச்சும்.

இந்த மூன்றையும் தடுக்க என்ன செய்வது? வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் வேலை எர்த். நம் ஊரில் ஈ.பி. பேஸும் நியூட்ரலும்தான் கொடுக்கும். எர்த் வீட்டுக்காரர் பொறுப்பு. வீடு கட்டியவர் குழி தோண்டி, இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு வாய் வைத்துவிட்டுப் போயிருந்தால் நல்லது. வாடகைக்கு விட்ட பழைய வீடுகளில் எர்த் கம்பியை மீட்டர் போர்டு வரைக்கும் கொண்டுவந்து சும்மா சுருட்டி விட்டிருப்பார்கள். இன்னும் சில இடத்தில் எர்த் இல்லை என்பதை மறைக்க, சாக்கெட்டின் உள்ளேயே எர்த் பின்னையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவார்கள். இது உயிருக்கே ஆபத்து. உங்கள் தெருவில் அறுந்த மாதிரி நியூட்ரல் அறுந்தால், ஃபிரிட்ஜின் தகர உடம்பே கரண்ட் அடிக்கும்.

வயர்மேனை வரச் சொல்லி எர்த்தைச் சோதிக்கச் சொல். டெஸ்ட் லேம்பை பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் கொடுத்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிய வேண்டும். உன் போர்டில் ஆர்.சி.சி.பி. இருந்தால் அது உடனே டிரிப் ஆகிவிடும். ஆனால் தப்பில்லை, எர்த் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி. மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் 230-ஐ ஒட்டிக் காட்டும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் ஒன்றிரண்டு வோல்ட் காட்டும். லோடு ஓடும்போதும் அது துல்லியமாகப் பூஜ்யம் காட்டினால் சந்தோஷப்படாதே, சாக்கெட்டைக் கழற்றி அந்தத் துண்டு ஒயர் இருக்கிறதா என்று பார்க்கச் சொல். எர்த் டெஸ்டர் வைத்திருப்பவர் கிடைத்தால் ஓம் எவ்வளவு என்று அளந்து எழுதி வாங்கு. 5 ஓமுக்குள் இருந்தால் நல்ல எர்த். உங்கள் பக்கம் பாறை தட்டும் மண், கோடையில் ஓம் ஏறும். பங்குனி, சித்திரையில் வாரத்துக்கு ஒரு முறை அந்தக் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்று. குழி உப்பு அரித்துப் போயிருந்தால் புதுக் குழி போட்டுவிடு, அதில் கஞ்சத்தனம் வேண்டாம். இவை எதையும் மருமகன் தானே செய்து பார்க்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

இரண்டாவது, மெயின் போர்டு. அதில் இருக்கும் எம்.சி.பி. எதற்கு என்று கேட்டால், உன் வீட்டு ஒயர் எரியாமல் இருக்க. அளவுக்கு மேல் கரண்ட் ஓடினால் விழும். ஆர்.சி.சி.பி. எதற்கு? உன் உயிருக்கு. 30 மில்லி ஆம்பியர் எங்காவது கசிந்தால் விழும். இரண்டுமே வோல்டேஜைப் பார்ப்பதில்லை. "எங்கள் வீட்டில்தான் டிரிப்பர் இருக்கிறதே" என்று சொல்பவர்களின் டி.வி.யும் ரிப்பேர் கடைக்கு வருவது இதனால்தான்.

வோல்டேஜைப் பார்ப்பதற்குத் தனிக் கருவி வேண்டும். எம்.சி.பி. பக்கத்தில் அது மாட்டியிருக்கும் அதே பட்டையில் மாட்டும்படி, முகத்தில் எண் ஓடும் டிஸ்ப்ளேவோடு 'ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் புரொடெக்டர்' என்று கிடைக்கிறது. வோல்டேஜ் நாம் வைத்த அளவைத் தாண்டினால் வீட்டுக்கு சப்ளையையே துண்டித்துவிடும். சரியானதும், நாம் சொன்ன நேரம் காத்திருந்து தானாகச் சேர்க்கும். மேல் அளவு 265, கீழ் அளவு 170, காத்திருக்கும் நேரம் மூன்று நிமிடம் என்று வைக்கச் சொல். அந்த மூன்று நிமிடம் ஃபிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் சேர்த்து வேலை செய்யும். அன்று காலை எதிர்வீட்டில் இது ஒன்று இருந்திருந்தால், டி.வி. தப்பியிருக்கும். உன் மெயின் எத்தனை ஆம்பியரோ அதற்கு ஏற்றதாக, 40 அல்லது 63 ஆம்பியரில் வாங்கு. நாளைக்கு மூன்று பேஸ் வாங்கினால், நியூட்ரல் போவதைக் கண்டுபிடிக்கும் மூன்று பேஸ் மாடல் வேண்டும். மூன்று பேஸ் வீட்டில், நியூட்ரல் தெருவில் அறுந்துபோக வேண்டியதே இல்லை. உன் போர்டிலேயே நியூட்ரல் ஸ்குரு தளர்ந்தால் போதும், அதே கதைதான். அதனால் வருஷத்துக்கு ஒரு முறை மெயினை அணைத்துவிட்டு ஸ்குரு எல்லாவற்றையும் இறுக்கச் சொல்.

இடிக்கு இன்னொரு கருவி, எஸ்.பி.டி. அதே எம்.ஓ.வி.தான், பெரிய அளவில், தானே கழன்றுகொள்ளும் ஏற்பாட்டோடு. 'டைப் 2' என்று போட்டிருப்பதைக் கேள். தாங்கும் வோல்டேஜ் 320 என்று இருந்தால் நம் ஊர் ஏற்ற இறக்கத்துக்கு நல்லது. 20 கிலோ ஆம்பியர், அதிகபட்சம் 40 கிலோ ஆம்பியர் என்று இருக்கும். கடந்து உள்ளே விடும் வோல்டேஜ் ஒன்றரை கிலோ வோல்டுக்குள் இருக்கட்டும். வீட்டுச் சாமான்கள் பொதுவாக ஒரு கண நேரம் 2.5 கிலோ வோல்ட் வரை தாங்கும்படிதான் செய்யப்படுகின்றன. நமக்கு எர்த் தனியாக இருப்பதால் '1+1' என்று சொல்லும் மாடல் சரி. மாட்டும்போது ஒன்றைக் கவனிக்கச் சொல்: அதற்குப் போகும் ஒயரும் அதிலிருந்து எர்த் பாருக்குப் போகும் ஒயரும் சேர்ந்து அரை மீட்டரைத் தாண்டக் கூடாது. அழகுக்காக ஒயரைச் சுருட்டி வளைத்து விட்டால், இடி வரும் வேகத்தில் அந்தச் சுருளே தடுத்துவிடும், எஸ்.பி.டி. இருந்தும் பயனில்லை. அதன் முகத்தில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கும். பச்சை என்றால் உயிரோடு இருக்கிறது. சிவப்பு என்றால் உனக்காக அடி வாங்கிச் செத்துவிட்டது, அந்தக் கார்ட்ரிஜை மாற்ற வேண்டும். பெரிய இடி ஒவ்வொன்றுக்குப் பிறகும் பார்த்துக்கொள்.

இடிதாங்கி வைக்கலாமா என்று மருமகன் கேட்டாராம். இடிதாங்கி கட்டடத்தைக் காப்பாற்றும், டி.வி.யைக் காப்பாற்றாது. கம்பி வழியாக வருவதை அது தடுக்காது. இடிதாங்கி வைத்தால் போர்டில் 'டைப் 1' எஸ்.பி.டி.யும் வைக்க வேண்டும், செலவு கூடும். உன் ஒரு மாடி வீட்டுக்கு இப்போது அவசரமில்லை. எர்த்துக்கும் போர்டுக்கும் முதலில் செலவு செய்.

மூன்றாவதுதான் சாமான்கள். ஏ.சி. வாங்கும்போது 'ஸ்டெபிலைசர் தேவையில்லை' என்று ஒட்டியிருந்தது என்றாய். அதன் பக்கத்தில் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை என்று சின்ன எழுத்தில் இருக்கும், படித்துப் பார். அந்த எல்லைக்குள் ஏறி இறங்கினால் சமாளிக்கும் என்பதுதான் அதன் அர்த்தம். இடியையோ 364 வோல்டையோ தாங்கும் என்று அவர்கள் சொல்லவில்லை. உன் வீட்டில் இரவில் வோல்டேஜ் 180-க்குக் கீழே போகிறதா என்று புது டிஸ்ப்ளேயில் ஒரு வாரம் பார். போனால் ஸ்டெபிலைசர் வாங்கு. போகாவிட்டால் அந்தக் காசு மிச்சம். வீட்டு இன்வெர்ட்டரில் யூ.பி.எஸ். மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதில் போட்டு வைத்தால் பெரும்பாலான மாடல்கள் 180-க்குக் கீழும் 260-க்கு மேலும் போனவுடன் பேட்டரிக்கு மாறிவிடும். மோடமும் பிள்ளைகளின் கம்ப்யூட்டரும் அந்த லைனில் இருக்கட்டும். மற்ற நேரத்தில் இன்வெர்ட்டர் ஈ.பி. கரண்டை அப்படியே உள்ளே அனுப்புகிறது என்பதையும் மறந்துவிடாதே.

டி.வி. பக்கத்தில் நல்ல ஸ்பைக் கார்டு ஒன்று வை. ஜூல் எண் போட்டது, மூன்று பின் உள்ளது, கேபிள் ஒயரும் அதன் வழியாகவே போய் வரும்படி வாய் உள்ளது. இதை மூன்று பின் சாக்கெட்டில்தான் சொருக வேண்டும். இரண்டு பின் கன்வெர்ட்டர் போட்டால் எர்த் போய்விடும், உள்ளே இருக்கும் சில்லுக்குப் பாதி வேலைதான் மிஞ்சும். அந்தச் சில்லு ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் என்பதால் சில வருஷத்துக்கு ஒரு முறை பாக்ஸை மாற்று. 'புரொடெக்டட்' என்ற லைட் அணைந்துவிட்டால் அன்றே மாற்று.

இத்தனையும் செய்தாலும் பக்கத்தில் விழும் பெரிய இடிக்கு எந்தக் கருவியும் உத்தரவாதம் இல்லை. 11 கிலோ வோல்ட் லைன் அறுந்து தெரு லைன் மேல் விழுந்தாலும் அப்படித்தான். இடிக்கு முழு உத்தரவாதம் பிளக்கைப் பிடுங்கி வைப்பதுதான். சுவிட்சை அணைத்தால் பேஸ் மட்டும்தான் துண்டிக்கப்படும், நியூட்ரல் கம்பி தொட்டபடியே இருக்கும். போதாததற்குச் சுவிட்சும் நியூட்ரலில் தப்பாக மாட்டியிருக்கும் வீடுகளும் உண்டு. பிளக்கைப் பிடுங்கும்போது கேபிள் ஒயரையும் கழற்று. அதை இடி தலைக்கு மேல் வந்த பிறகு செய்யாதே. மலையடிவாரத்தில் சித்திரையிலும் ஐப்பசியிலும் மதியத்துக்கு மேல் மேகம் கறுத்தாலே பிடுங்கி வைத்துவிடு. மின்னல் தெரிந்து இடிச் சத்தம் கேட்கும் வரை எண்ணிப் பார். 30 நொடிக்குள் கேட்டால் இடி 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அப்போது பிளக்கைத் தொடாதே, மொட்டை மாடிக்கு டிஷ் ஒயரைக் கழற்ற ஏறவே ஏறாதே. சாமான் போனால் வாங்கிக்கொள்ளலாம். போனில் 'தாமினி' என்று ஒரு ஆப் இருக்கிறது, புனேயில் இருக்கும் வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் செய்தது. சுற்றிலும் எங்கே இடி விழுகிறது என்று காட்டும். போட்டு வை.

அன்று காலை நடந்த மாதிரி திரும்ப நடந்தால், அதாவது பல்பு கண் கூசினாலோ, ஒரு அறையில் பளிச்சென்றும் இன்னொன்றில் மங்கியும் எரிந்தாலோ, என்ன ஏது என்று பார்க்காதே. நேரே போய் மெயினை அணை. பிறகு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு போன் செய்து புகார் எண் வாங்கு, அக்கம் பக்கத்தாரையும் மெயினை அணைக்கச் சொல். லைன்மேன் வந்து சரிசெய்த பிறகு, மீட்டர் வைத்து வோல்டேஜ் பார்த்துச் சொன்னால்தான் திரும்பப் போடு. எதிர்வீட்டாரிடம் அந்தப் புகார் எண்ணையும், மெக்கானிக் எழுதிக் கொடுத்த சீட்டையும், டி.வி. பில்லையும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல். வீட்டு இன்சூரன்ஸ் இருந்தால் பாலிசியில் மின்சாரத்தால் சாமான் எரிவதைப் பற்றிய பகுதியை முதலில் படிக்கச் சொல். பல பாலிசிகள் அதைத் தனியாகக் காசு கட்டினால்தான் சேர்க்கும்.

போர் மோட்டார் ஸ்டார்ட்டர் தோட்டத்தில் தனியாக இருக்கிறதல்லவா? அங்கேயும் ஒரு எர்த் இருக்கிறதா என்று வயர்மேனிடம் பார்க்கச் சொல். மோட்டார் நிற்கும் ஒவ்வொரு முறையும் வீட்டு லைனில் சின்னச் சின்ன ஸ்பைக் வரும். எஸ்.பி.டி. மாட்டினால் அதற்கும் சேர்த்து உதவும்.

வயர்மேன் வரும் தேதியை முன்னாலேயே சொல். அன்று நான் போனை விட்டு நகர மாட்டேன். அவர் வந்ததும் மூன்று எண்ணை எனக்கு எழுதி அனுப்பு: எர்த் எத்தனை ஓம், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் எத்தனை வோல்ட், உன் மெயின் எத்தனை ஆம்பியர். இந்த மூன்றும் வந்த பிறகு எந்த எஸ்.பி.டி., எந்த புரொடெக்டர் என்று நான் சொல்கிறேன். அதுவரை கடையில் எதையும் வாங்காதே, தள்ளுபடி என்றாலும் வாங்காதே.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். தாத்தாவிடம் சோல்டரிங் பழக வருவதாகச் சொன்ன பெரியவனை லீவுக்கு அனுப்பி வை.

என்றும் அன்புடன்,
சித்தப்பா